மூச்சா, தொடையா

எனக்கு வயசு எழுபத்தொண்ணு. பெத்து வளர்த்தது நாலு. பெறாமல் வளர்த்தது எத்தனை என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. புதுக்கோட்டையில் பெண் பிள்ளைகளுக்கான ஒரு விளையாட்டு ஹாஸ்டலில் ஆயாவாக இருந்தேன். அங்கே பிள்ளைகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், போனார்கள். சில பேர் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். சில பேர் விடியக்காலைத் தூக்கத்தில் மட்டும் வருகிறார்கள். முகம் தெரிவதில்லை. மிதிக்கிற கால் தெரிகிறது. காலை வைத்து இது இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது அங்கே கோச்சாக இருக்கிற பொண்ணு போன மாசம் போன் போட்டது. ஹாஸ்டலுக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். சைக்கிள் ஹேண்டிலில் இப்போது தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர் இருக்கிறதாம், நிமிஷத்துக்கு எத்தனை மிதி என்று அதுவே காட்டிவிடுகிறதாம். அது இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். அதை நான் எழுதித் தர வேண்டுமாம். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின பிறகு சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. ஆனாலும் கேட்டது சரியான ஆளைத்தான். அப்போது கோச்சாக இருந்த மாஸ்டர் காலமாகிவிட்டார். அவர் மோட்டார் சைக்கிளில் பின்னாடி உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். பென்சிலில் நான் எழுதுகிறேன், என் மகன் வயிற்றுப் பேத்தி ஜெனி அதைப் பார்த்துப் பேனாவில் திருத்தமாக எழுதுகிறாள்.

நான் சமையலுக்குத்தான் சேர்ந்தேன். ஆவூர்ப் பக்கத்துப் பொம்பளை, நல்லா வேலை செய்வாள் என்று யாரோ சொல்லி எடுத்தார்கள். வயசுப் பிள்ளைகளை ரோட்டுக்குக் கூட்டிப் போகும்போது கூட ஒரு பொம்பளை இருக்க வேண்டும் என்று பெற்றவர்கள் கேட்டதால், இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு மாஸ்டருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். முதல் ஒரு வருஷம் நான் பார்த்தது அவர் முதுகுச் சட்டையைத்தான். பட்டாளத்தில் இருந்து வந்தவர். எத்தனை இருட்டில் கிளம்பினாலும் சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் இருக்கும்.

டைம் ட்ரையல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்றப் பந்தயம் மாதிரி கும்பலாக விட மாட்டார்கள். ஒவ்வொருத்தராகத்தான் விடுவார்கள். முன்னால் விரட்டிப் பிடிக்க ஆள் கிடையாது, பின்னால் முதுகைச் சுடவும் ஆள் கிடையாது. ரோடு இருக்கும், கடிகாரம் இருக்கும். அதில் கெட்டிக்காரத்தனம் எல்லாம் மிதியில் இருக்கிறது. ஒரே வேகத்தை ரெண்டு விதமாக எடுக்கலாம். லேசான கியரைப் போட்டுக் காலைச் சுழற்றிக்கொண்டே போகலாம், மூச்சு வாங்கும். கனத்த கியரைப் போட்டு அழுத்தி அழுத்திப் போகலாம், தொடை எரியும். எந்தப் பிள்ளைக்கு எது என்று கண்டுபிடிப்பதுதான் மாஸ்டர் வேலை. அதற்கு எண்ணிச் சொல்வது என் வேலை.

அன்னவாசல் ரோட்டில் தைலமரக் காட்டுக்கும் ஒரு சின்னப் பாலத்துக்கும் நடுவில் நேராக ஒரு துண்டு கிடக்கிறது. அங்கேதான் போவோம். சூரியன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். கண்மாய்த் தண்ணிக்கு மேலே பனி படுத்திருக்கும். மயில் ரோட்டைக் குறுக்கே கடக்கும், அதற்கும் அவசரம் இருக்காது. தைல இலை வாசனை புடவைக்குள் ஏறிக்கொள்ளும், மத்தியானம் சோறு பரிமாறும்போதும் போகாது. மாஸ்டர் வண்டியைப் பிள்ளைக்கு வலது பக்கமாக ஓட்டுவார். நான் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பதால் அவள் வலது முட்டி எனக்கு நேராக வரும். அவர் விசில் அடித்ததும் எண்ண ஆரம்பிக்க வேண்டும், மறு விசிலுக்கு நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம்.

எனக்கு ஐம்பதுக்கு மேலே வாயால் எண்ணினால் தடுமாறும். அதனால் ஒருநாள் மடியில் இருந்த ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். முட்டி மேலே வரும்போதெல்லாம் ஒரு மணி தள்ளுவேன். மறு விசிலுக்கு விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. மாஸ்டர் அதைத் திரும்பிப் பார்த்தார். மறுநாளில் இருந்து வண்டியை உதைப்பதற்கு முன்னால், “மேரியம்மா, மாலை இருக்கா?” என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பெட்ரோல் இருக்கா என்று கேட்கிற மாதிரி. எங்கள் பங்குச் சாமியாருக்கு யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். மாதாவுக்குச் சொல்றியா, சைக்கிளுக்குச் சொல்றியா என்று கேட்டார். மாதாவும் அந்தப் பிள்ளையைத்தானே சாமி பார்த்துக்கிட்டு இருக்கா என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த நேரத்தில் நான் முழித்திருந்தேனா என்று இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது. விரல் தானாக ஓடும். செயின் சத்தம் ஒரே சீராக வரும். கொஞ்ச நேரத்தில் பிள்ளை நின்ற இடத்தில் நிற்பது மாதிரியும், ரோடும் மரமும் பனியும்தான் அவளைக் கடந்து பின்னால் போவது மாதிரியும் இருக்கும். விசில் வந்ததும்தான் பூமிக்கு வருவேன்.

ஒரு பிள்ளையை அதே துண்டில் மூன்று தடவை விடுவார். லேசான கியர், நடுக் கியர், கனத்த கியர். மூன்று தடவையும் போய்ச் சேருகிற நேரம் ஒன்றாக இருக்க வேண்டும், மிதி மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் முதலில் தண்ணி குடிக்கச் சொல்வார். பிறகு அந்தப் பிள்ளை கண்ணுக்குக் கீழே தன் கண் வருகிற மாதிரி ரோட்டிலேயே குத்த வைத்து உட்காருவார். அந்த இஸ்திரிக் கால்சட்டையோடு. உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்விதான் கேட்பார். “மூச்சா, தொடையா?”

எது முதலில் தீர்ந்தது என்று கேட்கிறார். மூச்சு என்றால் அடுத்த நாள் கொஞ்சம் கனமாக வைப்பார். தொடை என்றால் கொஞ்சம் லேசாக்குவார். அங்கிட்டும் இங்கிட்டுமாக நகர்த்தி நகர்த்தி, ரெண்டும் ஒரே நேரத்தில் தீருகிற இடம் வரும். அதுதான் அவள் மிதி. அது வந்த பிறகு கியரை ரோட்டுக்கும் காற்றுக்கும் தக்க மாற்றிக்கொள்ளலாம், மிதியை மாற்றக் கூடாது. நான் எண்ணிச் சொல்கிற எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லவே மாட்டார். சொன்னால் எண்ணைத்தான் மிதிப்பார்கள், ரோட்டை மிதிக்க மாட்டார்கள் என்பார். அந்த மீட்டரைக் குறை சொல்லவில்லை. நான் தும்மினால் ஒரு மணி தவறும், அதற்குத் தும்மல் கிடையாது. ஆனால் மூச்சா தொடையா என்பதை அந்தப் பிள்ளைதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத ஒருத்தி வந்தாள்.

காளீஸ்வரி. கோட்டைப்பட்டினத்துக்காரி. அப்பா படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். பின் கேரியரில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு எல்லாம் மீன் கொண்டுபோய்ப் போட்டு வந்ததில்தான் அவள் சைக்கிள் பழகினாள். தோள் அகலம். பேச்சு கிடையாது. அவள் மிதிப்பதைப் பார்த்ததும் இது அழுத்துகிற கால் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம். பெட்டியைச் சுமந்த கால் அப்படித்தானே இருக்கும்.

முதல் நாள் லேசான கியரில் விட்டார். வந்து நின்றாள். மாஸ்டர் குத்த வைத்துக் கேட்டார். நல்லா இருக்கு மாஸ்டர் என்றாள். நடுக் கியர். நல்லா இருக்கு மாஸ்டர். கனத்த கியரில் வந்து இறங்கும்போது முழங்கால் ரெண்டும் தந்தி மாதிரி ஆடியது, நிற்பதற்கு ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் நல்லா இருக்கு மாஸ்டர் என்றுதான் சொன்னாள். வேறு ஒருத்தராக இருந்தால் கத்தியிருப்பார். மாஸ்டர் எழுந்து கால்சட்டையில் ஒட்டின செம்மண்ணைத் தட்டிவிட்டு, சரிம்மா நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

நாளைக்கு என்பது வாரமாகி மாசமாகிவிட்டது. கேட்டுத் தெரிய வழி இல்லாததால் மாஸ்டர் அனுமானமாகக் கியரை வைத்தார். ஒருநாள் நன்றாக வருவாள், மறுநாள் அதே கியரில் பாலத்துக்கு முன்னாலேயே செத்துப்போவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. காளி லாரியில் அடிபட்டாலும் டிரைவருக்கிட்ட நல்லா இருக்குங்கண்ணேன்னுதான் சொல்லுவா என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் ஹாஸ்டல் நிர்வாகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாசத்தில் மாநிலத்துக்கு ஆள் எடுக்கிற டைம் ட்ரையல் இருந்தது. அதில் தேறினால் காளி இருக்கலாம், இல்லையென்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். ஊரில் அவள் அம்மா இறால் உரிக்கிற கம்பெனியில் அவளுக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தாள். ஐஸ் தண்ணிக்குள் கையை விட்டபடி நாள் முழுக்க நிற்கிற வேலை. காளிக்கும் இது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொடைச் சதை தூங்குகிற நாய்க்குட்டி மாதிரி தன்னால் துடித்துக்கொண்டிருந்தது. “ஏண்டி, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஒரு பெரிய மனுசன் தினமும் ஒன் காலுக்கு முன்னாடி ரோட்டுல உட்கார்ந்து கேக்குறாரு” என்றேன். “நல்லாத்தான் ஆயாம்மா இருக்கு” என்றாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன். திமிர் எனக்குப் பழக்கமான சாமான்தான், என் வீட்டிலேயே நிறைய உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பார்க்க வந்தாள். நெத்திலிக் கருவாட்டைப் பையில் போட்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் முகத்தைச் சுளிக்கச் சுளிக்கக் கொண்டுவந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவளைச் சமையல்கட்டில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவள வையாதீங்கக்கா. அது நான் வளத்த வளப்பு. அவுக அப்பா கடலுக்குப் போயிருக்கயில வீட்ல யாரும் முடியலன்னு சொல்லப்புடாது. வலிக்குது, அசதியா இருக்கு, எதுவுமே வாயில வரப்புடாது. என் மாமியா எனக்குச் சொன்னது. இங்க நம்ம முடியலன்னு விட்டுட்டா, அங்க கடல்ல அவரு கையும் விட்டுருமாம்.”

சரித்தான் தங்கச்சி, அது அவர் கடலில் இருக்கும்போதுதானே, கரைக்கு வந்துட்டாச் சொல்லலாமுல்ல என்று கேட்டேன்.

“அவரு எப்பக் கரையில இருக்காரு, எப்பக் கடல்ல இருக்காருன்னு இங்க இருக்கிற பிள்ளைக்கு எப்படிக்கா தெரியும்?”

அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து இறக்கத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை ஹாஸ்டலுக்கு வந்த நாளில் இருந்து ஒரு நாள்கூட அப்பா கையை விடவில்லை.

மாஸ்டர் கொட்டகையில் செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். மூடநம்பிக்கை என்பார், இல்லை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கையைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பட்டாளத்தில் இருந்தபோது என் வீட்டிலும் கடிதாசில் எல்லாரும் சௌக்கியம் என்றுதான் எழுதுவார்கள் என்றார். மறுபடி செயினை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் காளி ஒரு சுற்று முடித்து வந்தாள். அவர் வழக்கம்போலத் தண்ணி கொடுத்தார், குத்த வைத்தார்.

“மூச்சும் நல்லா இருக்கு, தொடையும் நல்லா இருக்கு. சரி. ரெண்டுல எதும்மா ரொம்ப நல்லா இருக்கு?”

காளி அவரைப் பார்த்தாள். பிறகு பாலத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் யோசிப்பதைப் பார்த்தேன். தன் உடம்புக்குள்ளே போய் ஒவ்வொரு அறையாக விளக்கைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“மூச்சு, மாஸ்டர்.”

அவர் எழுந்து போய்க் கியரை ஒரு பல் லேசாக்கினார். மூச்சு ரொம்ப நல்லா இருக்கிறது என்றால் தொடை போய்விட்டது என்று அர்த்தம். யாருக்கும் எதுவும் முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கேள்விதான். மூச்சு, மூச்சு, மூச்சு என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் லேசாக்கிக்கொண்டே போனார். பெட்டி சுமந்த கால் என்று நாங்கள் நினைத்தது முழுக்கத் தப்பு. பெட்டி இல்லாமல் பறப்பதற்குத்தான் அந்தக் கால் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் பழகுவதற்கு நாள் பிடித்தது. வேகமாகச் சுழற்றினால் சீட்டில் குதித்தாள். பிள்ளைகள் தையல் மெஷின் என்று பேர் வைத்தார்கள். மார்கழிப் பனியில் ஒருநாள் குதிப்பு நின்றுபோனது. இடுப்புக்கு மேலே சிலை, கீழே காத்தாடி. என் விரல் மாலையில் ஒண்ணே முக்கால் சுற்றுக்கு வந்து நின்றது. வேறு எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு தூரம் விரல் போனதில்லை. அன்றைக்குக் கேட்டதற்கு, “தெரியல மாஸ்டர், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றாள்.

டைம் ட்ரையல் கிழக்குக் கடற்கரை ரோட்டில் நடந்தது. அவள் ஊர்ப் பக்கம்தான். வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. தெற்கே போய், ரோட்டு நடுவில் வைத்திருந்த தகர டிரம்மைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். போகும்போது காற்று பின்னால் இருந்து தள்ளும், வரும்போது நெஞ்சில் நின்று மறிக்கும். என்னை டிரம் பக்கத்தில் நிற்க விட்டார்கள். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, பேசினால் அந்தப் பிள்ளையைப் பந்தயத்தில் இருந்து நீக்கிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. அதற்கு அங்கிட்டுக் கடல் இருக்கிறது, சத்தம் மட்டும் வந்தது.

ரோட்டுக் கோடியில் கானலுக்குள்ளே ஒரு புள்ளி ஆடியது. அது காளி என்று கால் சொன்னது. ஆனால் கால் சரியில்லை. காற்று தள்ளுகிற ருசியில் கனத்த கியரைப் போட்டுக்கொண்டு பழையபடி அழுத்தி அழுத்தி வருகிறாள். ஜெபமாலையில் என் விரல் மணிக்கு மணி காத்துக்கொண்டு நிற்கிறது, முட்டி வரவில்லை. இப்படியே திரும்பி எதிர்காற்றில் மாட்டினால் முடிந்தது. மாஸ்டர் அங்கே தொலைவில் இருக்கிறார். கியரை மாத்துடி என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மாதாவே, இந்த வாயை நீ பிடித்துக்கொள் என்று வேண்டினேன்.

டிரம்மைச் சுற்றினாள். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். என்னைப் பார்க்கவில்லை. திரும்பின உடனே காற்று அவளை அறைந்தது, சைக்கிள் நின்றே போகிற மாதிரி ஆனது. அப்போது தனக்குத் தானே சொன்னாள்.

“மூச்சு நல்லா இருக்கு.”

டக் என்று கியர் விழுந்த சத்தம். இன்னொரு டக். கால் லேசானது, சுழல ஆரம்பித்தது. இடுப்புக்கு மேலே சிலை. காற்று அவள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தது, அவள் அதற்குள்ளே புகுந்து போய்க்கொண்டே இருந்தாள். என் விரல் எப்போது ஓட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் வந்த ஜீப்பில் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது காளி ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் எதிரில் குத்த வைத்திருந்தார். எதும்மா நல்லா இருக்கு என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பார்வை ஒருத்தர் மேல் போய் நின்றது. கைலி, பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, உப்பில் காய்ந்த முகம். என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் காளியின் அம்மா. காளி அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். காலைப் பார்த்தாள், அவர் கால் மண்ணில் இருந்தது.

“ரெண்டும் போச்சு மாஸ்டர். மூச்சும் இல்ல, தொடையும் இல்ல. என்னால முடியல.”

மாஸ்டர் எழுந்து அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். பட்டாளத்துக்காரர், துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

நாலு பேரை எடுத்தார்கள். மைக்கில் நாலாவதாக வந்த பேர் காளீஸ்வரி. ஹாஸ்டல் இடம் தப்பியது. இறால் கம்பெனிக்காரனுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கும். அவள் அப்பா என்னிடம் வந்து, பிள்ளை நல்லா ஓட்டுச்சாங்க என்று கேட்டார். நீங்களே பாத்தீங்களே என்றேன். நான் எங்க பாத்தேன், கண்ண மூடிக்கிட்டேன் என்றார். காளி அவரிடம் எப்போது கடலுக்குப் போவீர்கள் என்று கேட்டாள். நாளான்னைக்குத்தான் என்றார்.

“அப்ப நாளைக்குப் பூராச் சொல்லலாம்” என்றாள்.

வேனில் ஏறியதில் இருந்து ஆரம்பித்தாள். முட்டி வலிக்குது ஆயாம்மா. இடுப்பு விட்டுப்போச்சு. சீட்டு இரும்பு மாதிரி இருக்கு, எவ கண்டுபிடிச்சா அத. பசிக்குது. இந்த எலுமிச்சஞ்சோறு புளிக்குது. வெயில் கண்ணுக்குள்ள போகுது. டிரைவரண்ணன் பள்ளத்துல எறக்குறாரு. பிள்ளைகளுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. இன்னொண்ணு சொல்லுடி, இன்னொண்ணு சொல்லுடி என்று கேட்டார்கள். அறந்தாங்கி தாண்டியும் அவளுக்குத் தீரவில்லை. எத்தனை வருஷத்துப் பாக்கியோ. சுண்டுவிரல் வலிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜன்னல் வழியாக வயல் போய்க்கொண்டிருந்தது, பனை போய்க்கொண்டிருந்தது. தலையின் கனம் மடியில் இறங்க இறங்க எனக்கும் கால் மரத்துப்போனது. நகர்த்தவில்லை.

ஜெனி, எழுதினது போதும் ஆத்தா. பேனாவை மூடிட்டு இங்கிட்டு வந்து உட்காரு. மொதல்ல இருந்து வாசி, மெதுவா. அந்தப் பிள்ளை தூங்குற எடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்திக்க. நான் அவளப் பாத்துக்கிட்டு இருக்கேன்.